மதுரையிலிருந்து ரிசர்வ் வங்கியின் பொருளியல் ஆய்வுத் துறைக்கு: மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரைக் கல்லூரிகளில் இளங்கலைப் பொருளியலில் சேரும் மாணவரிடம், படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், பி.எட். முடித்து ஆசிரியராவேன் என்றோ டிஎன்பிஎஸ்சி எழுதுவேன் என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டும் நல்ல வேலைகளே. ஆனால் பொருளியலைத் தொழிலாகவே செய்வதற்குச் சம்பளம் தரும் நிறுவனம் ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதும், அதற்கான தேர்வை மதுரை மாணவரும் எழுதலாம் என்பதும் முதுகலை இறுதியாண்டு வரை பலருக்குத் தெரிவதே இல்லை. தெரியவரும்போது கணிதத்தைச் சரிசெய்துகொள்ளும் காலம் கடந்து போயிருக்கிறது. பல ஆண்டுகளாக இந்த ஊரில் பொருளியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தத் தாமதம் எனக்கு உறுத்தலாகவே இருந்து வருகிறது. எனவே, இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருப்பவர் முதல் முதுகலை முடித்தவர் வரை அனைவருக்குமாக, ரிசர்வ் வங்கியில் பொருளியலாளராகும் வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது, 1949 ஜனவரி 1 அன்று நாட்டுடைமையானது என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்தது. அதற்குள் பொருளியலாளர் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. மும்பைத் தலைமையகத்தில் பொருளாதார மற்றும் கொள்கை ஆய்வுத் துறை என்று ஒன்று உண்டு; அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டிஇபிஆர் என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். வங்கியின் ஆண்டறிக்கை, மாதந்தோறும் வெளிவரும் புல்லட்டின், மாநிலங்களின் வரவுசெலவுத் திட்டங்களை ஆராயும் ஆண்டு அறிக்கை, இந்தியப் பொருளாதாரப் புள்ளிவிவரக் கையேடு ஆகியவற்றின் பின்னால் இத்துறையின் உழைப்பு இருக்கிறது. பணவியல் கொள்கைத் துறையிலும், ஆண்டுக்கு இருமுறை நிதி நிலைப்பு அறிக்கை தயாரிக்கும் பிரிவிலும் பொருளியலாளர்கள் பணியாற்றுகிறார்கள். புள்ளிவிவர மற்றும் தகவல் மேலாண்மைத் துறை, அதாவது டிஎஸ்ஐஎம், தனி. குடும்பங்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம் என்ன, நுகர்வோரின் நம்பிக்கை எப்படி இருக்கிறது என்பன போன்ற கணக்கெடுப்புகளை அத்துறை நடத்துகிறது.

இந்த வேலையை நம் ஊர்க் காட்சி ஒன்றை வைத்தே விளக்கலாம். 2023 ஜூலையில் மாட்டுத்தாவணி மத்தியக் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போனது என்பது இங்குள்ள எல்லா வீடுகளுக்கும் நினைவிருக்கும். கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும் ஓட்டல்களில் தக்காளிச் சட்னி காணாமல் போனது. ஜூன் மாதம் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த நாட்டின் சில்லறைப் பணவீக்கம் ஜூலையில் 7.44 விழுக்காடாக ஏறியது. அப்போது மும்பையில் இருந்த பொருளியலாளர் விடை சொல்ல வேண்டியிருந்த கேள்வி இதுதான்: இந்த ஏற்றம் புதிய காய் வரத்து வந்ததும் தானாக அடங்கிவிடுமா, அல்லது கூலி, வாடகை, ஓட்டல் விலை என்று பரவி நிலைத்துவிடுமா? அடங்கிவிடும் என்றால் வட்டியை உயர்த்த வேண்டியதில்லை. பரவும் என்றால் உயர்த்தாமல் இருப்பது பிழையாகும். ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் வட்டி, 6.5 விழுக்காட்டிலேயே விடப்பட்டது. அக்டோபரில் பணவீக்கம் மீண்டும் 5 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. இத்தகைய முடிவுக்கு முன்னால் ஒருவர் சந்தைக்கு வரும் காயின் அளவைப் பார்க்கிறார், பழைய ஆண்டுகளின் விலைத்தொடரை எடுத்துக் கணித மாதிரி ஒன்றில் போடுகிறார், வருவதை நான்கு பக்கங்களில் தெளிவாக எழுதி மேலே அனுப்புகிறார். தரவை எடுப்பது, கணக்கிடுவது, எழுதுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே மத்திய வங்கிப் பொருளியலாளரின் வேலை. மூன்றில் எழுத்தைத்தான் நம் மாணவர்கள் மிகவும் புறக்கணிக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

இப்படி எழுதப்படுவது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வட்டி விகிதத்தை முடிவு செய்யும் பணவியல் கொள்கைக் குழு 2016இல் அமைந்தது; பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், மேலும் கீழும் 2 விழுக்காடு விலகல் வரம்புக்குள் வைக்க வேண்டும் என்பது அதற்குத் தரப்பட்ட இலக்கு. குழுவின் ஆறு பேரில் மூவர் வங்கியைச் சேர்ந்தவர்கள்: ஆளுநர், துணை ஆளுநர் ஒருவர், வங்கியின் மத்திய வாரியம் நியமிக்கும் அதிகாரி ஒருவர். அந்த மூன்றாவது இடத்தில் முதலில் அமர்ந்த மைக்கேல் தேபப்ரத பத்ரா, வங்கிக்குள்ளேயே பொருளியல் பணியில் வளர்ந்தவர். 2020இல் துணை ஆளுநரும் ஆனார். அவருக்கு வெகுகாலம் முன்பே, பொருளாதாரத் துறையில் ஆய்வு அதிகாரியாகச் சேர்ந்த எம். நரசிம்மம் 1977இல் ஆளுநர் ஆகியிருக்கிறார். வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. ரங்கராஜன் பேராசிரியராக இருந்து 1982இல் துணை ஆளுநராகவும் 1992இல் ஆளுநராகவும் பொறுப்பேற்றவர்.

இரண்டாம் படி: உங்களுக்குரிய வாசலைத் தேர்ந்துகொள்ளுங்கள்

பொருளியல் படித்தவருக்கு முதன்மையான வாசல் கிரேடு பி அதிகாரி நியமனம். அதில் பொது, டிஇபிஆர், டிஎஸ்ஐஎம் என மூன்று பிரிவுகள் இருக்கின்றன. டிஇபிஆர் பிரிவுக்குப் பொருளியலில், அல்லது பொருளியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட துறையில், முதுகலைப் பட்டமும் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50 விழுக்காடு. வயது 21 முதல் 30 வரை. எம்.ஃபில். முடித்தவருக்கு 32, முனைவர் பட்டம் பெற்றவருக்கு 34 வரை விண்ணப்பிக்கலாம். புள்ளியியலிலோ கணிதத்திலோ முதுகலை படித்தவருக்கு டிஎஸ்ஐஎம் பொருந்தும். பொதுப் பிரிவுக்கு எந்த இளங்கலைப் பட்டமும் போதும். ஆனால் 60 விழுக்காடு மதிப்பெண் கேட்கிறார்கள். அந்தப் பிரிவின் இரண்டாம் கட்டத்தில் பொருளாதார, சமூகப் பிரச்சினைகள் என்று ஒரு முழுத் தாள் இருப்பதால் பொருளியல் மாணவருக்கு அங்கும் கைகொடுக்கும். ஆயினும் பொதுப் பிரிவு அதிகாரியின் அன்றாட வேலை மேற்பார்வை, நாணய மேலாண்மை, நிர்வாகம் போன்றவற்றைச் சார்ந்தது. ஆய்வுதான் வேண்டும் என்பவர் டிஇபிஆரையே குறிவைப்பது நல்லது.

இடங்கள் குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிஇபிஆர் பிரிவில் 2023இல் 38 இடங்களும், 2024இல் 21 இடங்களும், 2025இல் 17 இடங்களும் அறிவிக்கப்பட்டன. இது நாடு முழுவதற்குமான எண்ணிக்கை, இடஒதுக்கீடும் இதற்குள்தான். 2025ஆம் ஆண்டு அறிவிப்பின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 78,450 ரூபாய். அகவிலைப்படியும் பிற படிகளும் இதற்கு மேல். உள்ளே சென்றவர் மேலாளராகத் தொடங்கி உதவி ஆலோசகர், இயக்குநர், ஆலோசகர், முதன்மை ஆலோசகர் என்ற வரிசையில் உயரலாம். பெரும்பாலும் மும்பையில்தான் வாழ வேண்டியிருக்கும். மதுரையில் ரிசர்வ் வங்கிக்கு மண்டல அலுவலகம் இல்லை; தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது. வீட்டைவிட்டுத் தொலைவில் இருக்க முடியுமா என்பதைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் வீடுகளில் இந்தப் பேச்சைப் பணிநியமனக் கடிதம் வரும் நாள்வரை தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாம் படி: முதுகலைக்கு முன்பே கணிதத்தைச் சரிசெய்யுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட்டுக் கலைப் பிரிவிலிருந்து வந்த மாணவர்களே நம் பொருளியல் வகுப்புகளில் அதிகம். அதில் குறை ஏதுமில்லை. ஆனால் டிஇபிஆர் பாடத்திட்டத்தில் நுண்ணியல், பேரியல், பன்னாட்டுப் பொருளியல், பொது நிதி, இந்தியப் பொருளாதாரம் ஆகியவற்றோடு உகமக் கணக்குகள் (மிகச் சிறந்த அளவைக் காணும் கணக்குகள்), அணிகள், ரெக்ரஷன் (ஒரு மாறி மற்றவற்றைச் சார்ந்து மாறுவதை அளவிடும் முறை), காலத்தொடர் ஆகியனவும் இருக்கின்றன. இவற்றைத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கிப் பிடித்துவிட முடியாது. இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே மாநிலப் பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணித நூல்களை எடுத்து, வகைநுண்கணிதத்தையும் அணிகளையும் நிகழ்தகவையும் ஒரு பயிற்சி விடாமல் போட்டுவிடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது கூடுதல் வசதி: நூல் தமிழிலேயே கிடைக்கிறது, சூத்திரம் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

முதுகலையை எங்கே படிப்பது என்ற கேள்வி அடுத்து வரும். நாகமலை புதுக்கோட்டையை அடுத்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் நகரின் தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றிலும் முதுகலைப் பொருளியல் இருக்கிறது. அங்கு படித்தாலும் தகுதியில் எள்ளளவும் குறைவில்லை. ஆனால் எகனாமெட்ரிக்ஸை, அதாவது பொருளியல் தரவைப் புள்ளியியல் முறைகளால் ஆராய்வதை, ஆழமாகக் கற்கவும், அதே குறிக்கோளுடைய நண்பர்கள் சூழ இருக்கவும் வாய்ப்புத் தரும் இடங்களுக்கும் ஒரு முயற்சி செய்து பாருங்கள். சென்னை கோட்டூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நமக்கு அருகில் இருக்கிறது. மும்பை கோரேகாவில் உள்ள இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ரிசர்வ் வங்கியே 1987இல் நிறுவியது. மதுரையிலேயே படிப்பவர், பாடத்திட்டத்தில் இல்லாத காலத்தொடர்ப் பகுதியைத் தாமே கற்க வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டால் போதும்.

நான்காம் படி: தரவோடு பழகுங்கள்

என் மாணவர்களுக்கு நான் தரும் முதல் பயிற்சி சந்தையில்தான் நடக்கிறது. பன்னிரண்டு வாரங்கள், வாரம் ஒரு நாள், விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போய் ஏதேனும் ஒரு கமிஷன் மண்டியில் தக்காளிப் பெட்டி என்ன விலைக்கு ஏலம் போகிறது, பெட்டியில் எத்தனை கிலோ, சரக்கு ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வந்ததா ஆந்திராவிலிருந்து வந்ததா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதே நாள் காலையில் அண்ணா நகர் உழவர் சந்தையின் விலைப்பலகையையும், தம் தெருக் கடையின் விலையையும் எழுதிக்கொள்ள வேண்டும். 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறக்கப்பட்டது அந்த அண்ணா நகர்ச் சந்தைதான். மூன்று விலைகளையும் கிலோ கணக்குக்கு மாற்றி ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், விலை ஏறும்போது தெருக் கடை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது, இறங்கும்போது எத்தனை நாள் கழித்து இறக்குகிறது என்பது கண்முன்னே தெரியும். ஒருமுறை ஒரு மாணவி, பெட்டிக்கு அடியில் நசுங்கிப் போகும் காயைக் கழித்தால்தான் சில்லறைக் கடைக்காரரின் உண்மையான லாபம் தெரியும் என்று கண்டுபிடித்து, நசுங்கிய காயைத் தனியே எடைபோட்டு எழுதி வந்தார். எந்தப் பாடநூலும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

அதன்பின் ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட, தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு விலைகள் பற்றிய ஆய்வுத் தாளைப் படிக்கக் கொடுப்பேன். நுகர்வோர் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் உழவருக்குத் தக்காளியில் சுமார் 33 பைசாவும், வெங்காயத்தில் 36 பைசாவும், உருளைக்கிழங்கில் 37 பைசாவும் சேர்கின்றன என்று அத்தாள் மதிப்பிடுகிறது. தன் குறிப்பேட்டில் பன்னிரண்டு வார விலைகளை வைத்திருக்கும் மாணவர் அந்த எண்ணைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும். எப்படிக் கணக்கிட்டார்கள், இடையில் யார் யாருடைய செலவைச் சேர்த்தார்கள் என்று அவரே கேட்கத் தொடங்குவார்.

அடுத்து வரவேண்டிய பழக்கம் நாட்காட்டியைப் பின்பற்றுவது. சில்லறைப் பணவீக்கப் புள்ளிவிவரம் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி வாக்கில் வெளியாகிறது. அன்றே அட்டவணையைத் தரவிறக்கி, மொத்தக் குறியீட்டை உணவு, எரிபொருள், ஏனையவை என்று பிரித்துப் பாருங்கள். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டுத் தொடரில் உணவு, பானங்களின் எடை, அதாவது மொத்தக் குறியீட்டில் அவற்றின் பங்கு, மட்டும் 45.86 விழுக்காடு என்பதை மனத்தில் வைத்தால், காய்கறி ஏன் இந்த அளவுக்கு எண்ணை ஆட்டிப்படைத்தது என்பது விளங்கும். பணவியல் கொள்கைக் குழு வழக்கமாக ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானம் அன்றே வெளியாகிறது, உறுப்பினர் ஒவ்வொருவரும் சொன்ன காரணங்கள் அடங்கிய கூட்டக் குறிப்பு பதினான்காம் நாள் வெளியாகிறது. தீர்மானத்தைப் படித்த அன்றே, யார் எந்தப் பக்கம் வாக்களித்திருப்பார், என்ன காரணம் சொல்லியிருப்பார் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, பதினான்காம் நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓராண்டு இதைச் செய்தவருக்கு எழுத்துத் தேர்வில் பாதிச் சுமை குறைந்துவிடும்.

மென்பொருளில் ஆர், பைதான் இரண்டும் இலவசம். ஏதேனும் ஒன்றை உறுதியாகக் கற்றால் போதும். வங்கியின் இந்தியப் பொருளாதாரத் தரவுத்தளத்தைப் பொதுமக்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: தேர்வு

அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி டிஇபிஆர் தேர்வு இரண்டு கட்டங்களும் ஒரு நேர்காணலும் கொண்டது. முதல் கட்டத்தில் பொருளியல் கொள்குறி வினாத்தாள் ஒன்றும், தட்டச்சு செய்து விடையளிக்க வேண்டிய ஆங்கிலத் தாள் ஒன்றும், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். இரண்டாம் கட்டத்தில் பொருளியலில் விரிவாக எழுதும் தாள்கள் இரண்டு, அவற்றுக்கும் தலா 100. நேர்காணலுக்கு 75. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது கட்டாயம். பாடத்திட்டமும் தேர்வு மையப் பட்டியலும் அதிலேயே இருக்கும். விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 850 ரூபாயும் அதற்குரிய வரியும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 100 ரூபாயும் வரியும்.

நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஆங்கிலத் தாளும் விரிவான விடைகளும்தான். பொருளியலை நன்கு அறிந்தவர்கூட, அறிந்ததை நாற்பது நிமிடத்தில் ஒழுங்காக அடுக்கி எழுதிப் பழகாததால் பின்தங்குகிறார். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு நான் சொல்லும் முறை இது: ஒரு கேள்வியை எடுத்து, முதலில் வாதத்தைத் தமிழில் ஐந்து வாக்கியங்களில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பிறகு அந்த ஐந்தையும் சிறிய ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரைபடமோ சமன்பாடோ எண்ணோ சேருங்கள். வாரம் மூன்று விடை, ஆசிரியரோ நண்பரோ சிவப்பு மையால் திருத்த, ஓராண்டு தொடர்ந்தால் நடை வந்துவிடும். அலங்காரமான ஆங்கிலம் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் அறிக்கைகளே பெரும்பாலும் நேரான நடையில்தான் இருக்கின்றன.

சான்றிதழ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி என்று நாம் வைத்திருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. ஒன்றிய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) அடங்காதவர் என்ற வாசகத்துடன் ஒன்றிய அரசுப் படிவத்தில் வட்டாட்சியரிடம் ஓபிசி சான்றிதழ் பெற வேண்டும். அதுவும் அறிவிப்பில் சொல்லப்பட்ட காலத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது இதை உணர்ந்து உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் அலைந்த ஒருவரை நான் அறிவேன். முதுகலையில் சேரும்போதே இதை வாங்கும் முறையைத் தெரிந்துகொண்டு, ஆண்டுதோறும் புதுப்பித்து வையுங்கள். தரப்புள்ளி முறையில் படித்தவர்கள், அதை விழுக்காடாக மாற்றும் சூத்திரத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் பெற்று வைத்திருக்க வேண்டும்.

நேர்காணலில் முதுகலை ஆய்வேட்டைப் பற்றித் துருவிக் கேட்பது இயல்பு. ஆகவே ஆய்வேட்டுத் தலைப்பைக் கடமைக்காக எடுக்காதீர்கள். வைகைப் பாசனம், அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்பு உழவரின் கடன், செல்லூர்த் தறிக்காரர்களின் கூலி என்று நீங்களே போய்த் தரவு எடுக்கக்கூடிய ஒன்றாக அது இருந்தால், எந்தக் கேள்விக்கும் உங்களிடம் சொந்தமாக ஒரு விடை இருக்கும்.

ஆறாம் படி: பக்கத்து வழிகளையும் திறந்து வையுங்கள்

முதுகலை முதலாண்டிலேயே செய்யக்கூடியது ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது. இறுதியாண்டுக்கு முந்தைய கோடையில் இருக்கும் மாணவர்களை, ஆண்டுக்கு 125 பேர் வரை, வங்கி எடுத்துக்கொள்கிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், பயிற்சி ஏப்ரல் முதல் ஜூலைக்குள். கேட்காமல் விடுவதால் மட்டுமே பலர் இதை இழக்கிறார்கள். படித்து முடித்தபின், வங்கி நிறுவிய காஃப்ரல் (நிதித் துறை ஆய்வு, கற்றல் மையம்) போன்ற ஆய்வு நிறுவனங்களில் ஆய்வு உதவியாளராக ஓரிரு ஆண்டு பணியாற்றினால் தரவு வேலை கைக்குப் பழகிவிடும்.

டிஇபிஆருக்குப் படிக்கும் அதே படிப்பு யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கும் பெருமளவு உதவும். அங்கும் முதுகலை தேவை, வயது வரம்பு 21 முதல் 30. ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கிரேடு ஏ, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வுப் பிரிவு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைத் தகுதி கிடைத்தால் முனைவர் பட்டம் வரை உதவித்தொகையோடு படிக்கலாம். அந்தப் பட்டம் ரிசர்வ் வங்கியின் வயது வரம்பையும் 34 ஆக நீட்டித் தருகிறது. இருபத்திரண்டு வயதில் முதுகலை முடிப்பவர், அறிவிப்பு ஆண்டுதோறும் வந்தால், முப்பதுக்குள் ஏழெட்டு முறை முயலலாம். ஆனால் வேறு வருமானமில்லாமல் மூன்றாவது ஆண்டைத் தாண்டி வீட்டிலிருந்தே படிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கல்லூரி விரிவுரையாளர் வேலையோ ஆய்வு உதவியாளர் வேலையோ பார்த்துக்கொண்டு எழுதுபவருக்குப் பாடமும் மறப்பதில்லை, நேர்காணலில் சொல்வதற்கு விஷயமும் சேர்கிறது.